குட்டியைக் கீழே விடும் நாள்

எண்பதுகளின் நடுவில் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான்கு வருஷம் கிராம செவிலியாக இருந்தேன். துணை சுகாதார நிலையத்தின் பின்பக்கமே எனக்கு வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கதவு. வாரத்தில் நான்கு நாள் சுற்றியிருந்த குக்கிராமங்களுக்கு நடந்துபோய்க் குழந்தைகளுக்கு ஊசி போடுவேன், கர்ப்பிணிகளைப் பார்ப்பேன், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அமிர்தியில் வனத்துறையில் வேலை பார்த்த என் அண்ணனுக்கு நான் தனியாக இருப்பது பெரிய கவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையோடு வந்தான். மலைமேல் காய்கறி கிடைப்பது அரிது என்பதால் கத்திரிக்காய் கொண்டுவந்திருப்பான் என்று ஆசையாகக் கையை விட்டேன். வெதுவெதுப்பாக ஏதோ என் விரலைச் சப்பியது.

"காவலுக்கு" என்றான்.

செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய்க்குட்டி. ஒரு படி அளவுதான் இருந்தது. பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்ததும் தன் நிழலைப் பார்த்துக் குரைத்துவிட்டு, பயந்துபோய் என் புடவைக்குள் புகுந்துகொண்டது. யார் யாருக்குக் காவல் இருக்கப்போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அண்ணன் கிளம்பும்போது முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னான்: "வெளிய மட்டும் வுட்டுடாத பாப்பா. எங்க தெருவுல போன வருஷம் பொறந்த குட்டிங்க எல்லாம் ரத்தமா கழிஞ்சு செத்துப்போச்சு. கீழ மாட்டு டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். வேலூர்லேர்ந்து மருந்து வரவழைச்சுத் தர்றேன்னாரு. இதுக்கு ரெண்டு மாசம் ஆவப்போவுது. இந்த வாரமே தூக்கிகினு போ."

அந்த வாரமே தூக்கிக்கொண்டு போனேன். மலைக்குக் கீழே டவுனில் இருந்த கால்நடை ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான் டாக்டர். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பிக்குப் பதில் நூல் கட்டியிருந்தார். காலையிலிருந்து எருமைகளோடு மல்லுக்கட்டியவருக்கு என் குட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஊசியைப் போட்டுவிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது ஊசி. அது முடிஞ்சு ஒரு வாரம் போகணும். அதுவரைக்கும் தெருவுல இதோட கால் படக்கூடாது சிஸ்டர்."

"ஒரு ஊசி போட்டாச்சே சார்?"

"தாய்ப்பால்ல வந்த தெம்பு கொறைஞ்சுகிட்டே வரும். ஊசி குடுக்கற தெம்பு மெதுவாத்தான் ஏறும். ரெண்டுக்கும் நடுவுல சின்ன சந்து மாதிரி ஒரு காலம். வியாதி அதுலதான் நுழையும். சீக்கு நாய் போய் வந்த மண்ணுல அது மாசக்கணக்கா உட்கார்ந்திருக்கும்."

"அப்ப அஞ்சு வாரமும் வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்கணுமா?"

அவர் பதறிவிட்டார். "ஐயோ, அப்படிச் செய்யாதீங்க. அப்புறம் அது ஆளைக் கண்டா கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கும். வெளிய கொண்டு போங்க, ஆனா தூக்கிகிட்டுப் போங்க. ஆடு, மாடு, ஜனம், ஜீப் சத்தம் எல்லாம் பழகட்டும். கால் மட்டும் தரையில படக்கூடாது. அவ்வளவுதான்."

எனக்கு விதி என்று ஒன்று கிடைத்துவிட்டால் போதும். பயிற்சிப் பள்ளியிலேயே அப்படித்தான் பேர் வாங்கியிருந்தேன். ஊசி போடப் போகும் நாட்களில் குட்டியை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போவேன். மற்ற நேரங்களில் பழைய புடவையைத் தோளில் ஏணை போலக் கட்டி, அதில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவேன். "இதுதான் புளியமரம். இதுதான் ஆடு. அது கொம்பு, கிட்டப் போகக் கூடாது." யாரும் இல்லை என்று நினைத்து உரக்கவே சொல்வேன். அந்த ஊரில் யாரும் இல்லாத இடமே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் கேட்டாள். நாற்பது வயதிருக்கும், சாமையும் கேழ்வரகும் பயிர் செய்கிற குடும்பம், ஊரில் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள்.

"இன்னா நர்ஸம்மா, நாய்க்கு கால் ஒடிஞ்சிடுச்சா?"

"இல்லீங்க அக்கா. ஊசி போட்டிருக்கு. அதான் கீழ விடக்கூடாது."

நான் யோசிக்காமல் சொன்ன அந்த இரண்டு வாக்கியமும் மதியத்துக்குள் மூன்று குக்கிராமங்களுக்குப் போய்விட்டன. நர்ஸம்மா போட்ட ஊசியில் நாய்க்குட்டிக்கு நடை போய்விட்டதாம். மறுநாள் ஊசிப் பெட்டியோடு நான் போன குக்கிராமத்தில் ஒரு குழந்தைகூட இல்லை. ஒரு வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. "அது பூனை" என்றாள் அதன் தாய்.

வேறு வழியில்லை, மெய்ப்பித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் சுகாதார நிலையத்து வாசலில் துவைத்த கோரைப்பாயை விரித்து, ஊரார் முன்னால் குட்டியை அதில் இறக்கிவிட்டேன். அது வாலை ஆட்டிக்கொண்டு நேராக நடந்தது. பாயின் ஓரத்துக்கு வந்ததும் நான் தாவித் தூக்கி மறுபடியும் நடுவில் வைத்தேன். மறுபடியும் நடந்தது, மறுபடியும் தாவினேன். ஏழெட்டு முறை ஆனதும் கூட்டத்துக்குக் குட்டியைவிட என்னைப் பார்ப்பதில் சுவாரசியம் வந்துவிட்டது.

"நடக்குதும்மா!" என்று அக்கா கூட்டத்துக்கு அறிவித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊசி ஒண்ணும் பண்ணல. நர்ஸம்மாவுக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு" என்றாள்.

மறுவாரம் குழந்தைகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டார்கள், பூனை உட்பட.

அதன் பிறகு ஊருக்கு விஷயம் வேறு விதமாக விளங்கியது. பெட்டைக்குட்டி, வீட்டுக்குள்ளே ஒதுங்கியிருக்கிறது, மண் மிதிக்கக் கூடாது, இத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. இது அவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

"மொத்தம் எத்தினி நாளு நர்ஸம்மா?" என்று கேட்டாள் அக்கா.

"அஞ்சு வாரம்."

"அடேங்கப்பா. எங்க பொண்ணுங்க வயசுக்கு வந்தாகூட அவ்ளோ நாளு ஒதுக்கி வெச்சதில்ல. சரி, தண்ணி ஊத்துறது என்னிக்கு?"

"தண்ணி ஊத்துறது எல்லாம் இல்லக்கா. புதன்கிழமையோட கெடு முடியுது. அன்னிக்குக் கீழ விட்டுடுவேன்."

"புதன் வாணாம். வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாம்."

இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அந்த வாரங்களில் என் வளர்ப்பைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. நாள் முழுக்கத் தனியாகப் பூட்டிவைத்தாலும் குட்டி ஒன்றையும் கடித்துக் குதறவில்லை. நான் திரும்பும் நேரத்தில் சாக்கின் மேல் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். வைத்துவிட்டுப் போன பால்சோறு பாதிகூடக் குறைந்திருக்காது, ஆனால் வயிறு மட்டும் பூசணிக்காய் போல இருக்கும். பெண்பிள்ளைகளுக்குக் காற்றைக் குடித்தாலே உடம்பு போடும் என்று என் அம்மா சொல்வாள், அது நாய்க்கும் பொருந்தும்போல என்று நினைத்துக்கொண்டேன். பாதங்கள் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கி விளையாடுகிறது என்று முடிவு செய்து, சின்னக் கிண்ணமாக மாற்றி வைத்தேன்.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். நான் வேலை முடிந்து ஊர் எல்லை வளைவில் திரும்பும் ஒவ்வொரு நாளும், பாறைமேல் ஆடு மேய்க்கிற யாராவது ஒரு பெண், "கூழு ஆறிப்போச்சே!" என்று ஊரைப் பார்த்துக் கத்துவாள். எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடும் ஊர் என்று வியந்திருக்கிறேன். சத்துணவு பற்றி மாத அறிக்கையில்கூட இரண்டு வரி எழுதினேன்.

இரண்டாவது ஊசிக்குப் போன நாள் ஜீப்பில் புளி மூட்டைகளும் பதினைந்து பேரும். நான் ஏறி உட்காரும்வரை குட்டியைக் கைக்குக் கை மாற்றினார்கள். "கால் படாம புடிப்பா, கால் படாம!" என்று எல்லோரும் எல்லோருக்கும் சொன்னார்கள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்து, "பட்டுடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். கடைசி வரிசையில் ஒரு பெரியவர், குட்டியை மடியில் வாங்கிக்கொண்டு, "என்னையும் யாராச்சும் இப்படித் தூக்கிகினு போனா நல்லாருக்கும்" என்றார். அவருக்கு மூட்டு வலி.

டாக்டர் குட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "எவ்ளோ தைரியம்! எருமை கத்தினாலும் அசையல. நீங்க நல்லா வளர்த்திருக்கீங்க சிஸ்டர்." பிறகு ஒரு பாதத்தைத் திருப்பிக் கட்டை விரலால் அழுத்தினார். "பாதம் நல்லா உரம் ஏறியிருக்கே?"

"சிமென்ட் தரை சார்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு நாய்க்குட்டியை மண்ணில் இறக்கிவிடுவதற்கு இத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் தலைவாரிப் பூவைத்து வந்திருந்தார்கள். அக்கா தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலம் கொண்டுவந்தாள். ஆண்கள் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போலப் புளியமரத்தடியில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், "மோளம் வாணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்.

அக்கா மூன்று முறை சுற்றி, குட்டியின் நெற்றியில் பொட்டு வைத்தாள். குட்டி அந்த விரலை நக்கியது. நான் குனிந்து, "பயப்படாதே, இது மண்ணு. மெதுவா ஒவ்வொரு காலா வை" என்று அதன் காதில் சொன்னேன். என் கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்திருந்தது. இறக்கிவிட்டேன்.

குட்டி ஒரு தும்மல் போட்டது. பிறகு ஓட ஆரம்பித்தது.

பயந்து ஓடுகிறது என்று நினைத்து நானும் பின்னால் ஓடினேன். அது பயந்து ஓடவில்லை. நாலு தெரு தெரிந்த தபால்காரரைப் போல ஓடியது. அக்கா வீட்டு வேலியில் தன் உயரத்துக்குச் சரியாக இருந்த ஓட்டையில் நிற்காமல் நுழைந்தது. உரலுக்குப் பின்னால் இருந்த தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு வாய் தண்ணீர் குடித்தது. அங்கிருந்து களத்துக்குப் போய், சாமை வைக்கோலில் தன் உடம்பு அளவுக்கே இருந்த ஒரு குழியில் படுத்து இரண்டு முறை புரண்டது. களத்து ஓரம் படுத்திருந்த ஊர்க் கறுப்பு நாயின் காதைக் கடித்தது. அந்த நாய் கண்ணைக்கூடத் திறக்காமல் வாலை ஆட்டியது. பின்பு எழுந்து, மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்று, ஒரே ஒரு தரம் குரைத்தது.

அந்த வீட்டுக்காரி கைவேலையில் இருந்ததால் விழாவுக்கு வரவில்லை. உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்.

"வந்துட்டியா? இன்னா இன்னிக்கு இவ்ளோ சீக்கிரம்? நர்ஸு போய்டுச்சா?"

கையில் ஒரு களி உருண்டையோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்தாள். களியைப் பார்த்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அதை என்னிடம் நீட்டினாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த கூட்டம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"மூணாம் நாள்லேர்ந்து" என்றாள் அவள், தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. "நீங்க அந்தப் பக்கம் போவீங்க, இது இந்தப் பக்கம் ஒப்பாரி வெக்கும். காது குடுத்துக் கேக்க முடியல நர்ஸம்மா."

"வீட்டைப் பூட்டிட்டுத்தானே போனேன்?"

"முன்பக்கத்தத்தான பூட்டுனீங்க."

"கால் மண்ணுல படக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"அதான் தெனமும் கால கழுவித்தான உள்ள வுட்டேன்!" என்றாள் அக்கா. அவள் குரலில் நிஜமான மனத்தாங்கல் இருந்தது. "நீங்க வளைவுல திரும்புறப்ப ஆடு மேய்க்கிறவ கொரல் குடுப்பா. நான் வுழுந்தடிச்சு ஓடிப்போய்த் தண்ணி மொண்டு, நாலு காலயும் தேய்ச்சு, தொடச்சு, சாக்கு மேல படுக்க வெச்சிட்டு வருவேன். ஒரு நாளாச்சும் அழுக்குக் காலோட பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. கோபமாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முன்கதவைச் சாத்தினேன் என்பதால் ஐந்து நிமிஷத்தில் குட்டி பின்கதவு வழியாக வந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

கோபம் அன்றே போய்விட்டது, பயம்தான் போகவில்லை. ஒரு வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். அது எங்கே உட்கார்ந்தாலும் நானும் போய்க் குனிந்து பார்த்தேன். இறுக்கமா, இளக்கமா, என்ன நிறம் என்று ஊசிப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். கர்ப்பிணிப் பெண்களுக்குக்கூட நான் அவ்வளவு விவரமாக எழுதியதில்லை. எல்லாம் நன்றாகவே இருந்தது. அக்கா தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பாள். "நல்லாப் போச்சு" என்பேன். "எங்க வூட்டு மாரியாத்தா காப்பாத்துனா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

மாதக் கூட்டத்துக்கு டவுனுக்குப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேள்வி கேட்டார்.

"ஊர்ல எத்தனை நாய் இருக்கு?"

"மூணு. எல்லாம் வயசான நாய்."

"அதுங்க எப்பவாச்சும் மலையை வுட்டுக் கீழ வருமா? கீழேர்ந்து யாராச்சும் நாய் கொண்டு வந்தாங்களா?"

"இல்ல சார்."

"அதான். வியாதி இன்னும் உங்க மலை ஏறல. அதிர்ஷ்டம் சிஸ்டர், அவ்வளவுதான். இதே குட்டி கீழ எங்கயாச்சும் அஞ்சு வாரம் திரிஞ்சிருந்தா மண்ணுல புதைச்சிருப்பீங்க. அதனால யாராச்சும் கேட்டா, கால் கழுவினா போதும்னு சொல்லிடாதீங்க." பிறகு ஜன்னல் வழியாகத் தன் ஆஸ்பத்திரி வாசலைக் காட்டினார். "பயப்பட வேண்டிய இடம்னா அதுதான். ஊர்ல இருக்கிற சீக்கு நாய் அத்தனையும் அங்கதான் வந்து உட்காருது. நல்லவேளை, நீங்க அங்க இறக்கி வுடல."

இதை இதுவரை நான் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்தேன். முதல் ஊசிக்கு வந்த அன்று, குடையைத் தேடுவதற்காக அதே வாசலில் குட்டியை இரண்டு நிமிஷம் கீழே விட்டேன். அது சாவகாசமாகச் சுற்றிவந்து, தூணடியில் ஒன்றுக்குப் போய், யாரோ விட்டுப்போன வைக்கோலை நக்கியும் பார்த்தது. டாக்டரின் விதி அப்போது இன்னும் எனக்குச் சொல்லப்படவில்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"இல்ல சார், அங்க எதுக்கு விடப்போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டேன்.

ஆனால் அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே சொன்னேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப எங்க மண்ணுல ஒண்ணுமில்ல. நீங்கதான் அத்த சீக்குல கொண்டுபோய் எறக்கினீங்க. இத்தினி நாளு என்னை மொறைச்சுகினு இருந்தீங்களே, இது நாயமா?"

அதற்குப் பிறகு குட்டி விஷயத்தில் என் பேச்சு அந்த ஊரில் எடுபடவில்லை. அது வளர்ந்து பெரிய நாயானது. நான் ஊர் ஊராக நடக்கும்போது கூடவே வந்தது. ஊசி போடுகையில் அழும் குழந்தைகளின் காலை நக்கி, அழுகையை இன்னும் அதிகமாக்கியது. ஒரு வருஷம் கழித்து அடுத்த ஊசிக்குக் கொண்டுபோக வேண்டிய நாளில், ஜீப் நிற்கும் இடத்தில் அக்கா முன்னதாகவே புதுப்புடவையில் நின்றிருந்தாள்.

"உங்கள நம்பி அனுப்ப மாட்டேன். நானும் வர்றேன்."

டவுனில் இறங்கியதும் நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அரை மூட்டைக் கேழ்வரகு கனம் இருக்கும். அது நான்கு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு கடைத்தெருவை வேடிக்கை பார்த்தபடி போனது. எதிரே வந்த தெருநாய்களை எல்லாம், "போ அந்தாண்ட, சீக்குப் புடிச்சதுங்களா!" என்று அக்கா விரட்டிக்கொண்டே நடந்தாள். நான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஊசி போட்டு முடித்ததும் மரியாதையாகச் சொன்னார்: "இது வளர்ந்த நாய்ம்மா. எல்லா ஊசியும் ஆயிடுச்சு. இனிமே தாராளமா கீழ வுடலாம்."

அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல நீங்க அத்த கழுவுங்க சார்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்து எதையோ தேடினேன். அவர் ஆளைக் கூப்பிட்டு, பினாயில் ஊற்றி வாசல் முழுவதையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். அது காயும்வரை நாங்கள் மூன்று பேரும் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தோம், நாய் அக்காவின் மடியில் தூங்கியது.